எய்ட்ஸ் நோயாளியின் நுரையீரல்: எந்த மருந்து, எப்போது, எதற்கு அப்புறம்?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. 1981-இல் அங்கே சான்ட்ரா ஃபோர்ட் என்ற ஊழியரிடம் ஒரு பொறுப்பு இருந்தது. பென்டமிடின் என்ற அரிய மருந்தைக் கேட்கும் டாக்டர்களுக்கு அதை அனுப்பிவைக்க வேண்டும். அந்த மருந்துக்கு அப்போது அமெரிக்காவில் விற்பனை உரிமம் கிடையாது, நாடு முழுவதற்கும் அந்த மையத்தில்தான் இருப்பு. புற்றுநோய் சிகிச்சையால் உடல் பலவீனமானவர்களுக்காகத்தான் வழக்கமாகக் கேட்பார்கள். ஆனால் அந்த ஆண்டு, அப்படி எந்தக் காரணமும் இல்லாத இளைஞர்களுக்காக நியூயார்க்கிலிருந்து கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. இதில் ஏதோ சரியில்லை என்று ஃபோர்ட் மேலதிகாரிக்கு எழுதினார்.

1981 ஜூன் 5 அன்று அந்த மையத்தின் வார இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு, பென்டமிடின் கேட்கப்பட்ட அதே நுரையீரல் தொற்றான நிமோசிஸ்டிஸ் நிமோனியா வந்திருக்கிறது, இருவர் இறந்துவிட்டார்கள் என்றது அது. எய்ட்ஸ் பற்றி வெளியான முதல் மருத்துவக் குறிப்பு இதுதான். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்ற வைரஸ் 1983-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே நுரையீரல் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

எய்ட்ஸ் நோயாளிக்கு வரும் நுரையீரல் தொற்றுக்கு எப்படி மருந்து தருகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கிருமி எது என்று தெரிந்தால் அதைக் கொல்லும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். ஆனால் இங்கே மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வது சுலபமான பாதி. எதை முதலில் கொடுப்பது, எதை எத்தனை நாள் கழித்துக் கொடுப்பது, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

எண்ணிக்கை சொல்லும் துப்பு

நாம் மூச்சு விடும்போது பல கிருமிகள் உள்ளே போகின்றன. பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த சமயம் பார்த்துத் தலைதூக்குபவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் என்கிறார்கள். அந்தச் சமயம் வந்துவிட்டதா என்பதைக் காட்டுவது சி.டி.4 எண்ணிக்கை.

சி.டி.4 ஒரு வகை வெள்ளையணு. மற்ற அணுக்களை ஏவி வேலை வாங்குவதுதான் அதன் முக்கிய வேலை, கட்டட வேலையில் மேஸ்திரி மாதிரி. எச்.ஐ.வி. குறிவைப்பது அந்த மேஸ்திரியைத்தான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை.

எந்தக் கிருமி எப்போது வரும் என்பதற்கும் ஓரளவு ஒழுங்கு உண்டு. காசநோயும் சாதாரண பாக்டீரியா நிமோனியாவும் எந்த எண்ணிக்கையிலும் வரும், எண்ணிக்கை குறையக் குறைய அதிகமாக வரும். 200-க்குக் கீழே நிமோசிஸ்டிஸ் வரும். 100-க்குக் கீழே கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள். 50-க்குக் கீழே போனால், காசநோய்க் கிருமிக்கு உறவான ‘மேக்’ என்ற கூட்டமும் சைட்டோமெகலோ வைரஸும் தலைகாட்டும். இருமலோடு வருபவரின் சி.டி.4 எண்ணிக்கையை டாக்டர் முதலில் கேட்பது இதனால்தான்.

அடுத்த துப்பு, எத்தனை நாளாக என்பது. இரண்டு மூன்று நாளில் குளிர்க் காய்ச்சலும் மஞ்சள் சளியும் நெஞ்சு வலியுமாக வந்தால் பாக்டீரியா நிமோனியாவைச் சந்தேகிப்பார்கள். வாரக்கணக்கில் வறட்டு இருமல், நாளுக்கு நாள் அதிகமாகும் மூச்சுவாங்கல் என்றால் நிமோசிஸ்டிஸ். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் இளைப்பது என்றால் காசநோய். இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்பதுதான் தொல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தொற்றுகள் இருப்பது இங்கே அபூர்வமில்லை.

நிமோசிஸ்டிஸ்: பூஞ்சைதான், ஆனால் பூஞ்சை மருந்து கேட்காது

இந்தக் கிருமியின் வரலாறே ஆள்மாறாட்டக் கதை. 1909-இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் இதைப் பார்த்தபோது, தான் ஆராய்ந்துகொண்டிருந்த வேறொரு ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று நினைத்துவிட்டார். அப்புறம் பல பத்தாண்டுகள் இதை ஓரணு ஒட்டுண்ணி என்றே வைத்திருந்தார்கள். 1988-இல்தான் மரபணு ஆய்வு இது பூஞ்சை என்று சொன்னது. மனிதனைத் தாக்கும் வகைக்கு, செக் நாட்டு ஆய்வாளர் ஓட்டோ யிரோவெட்ஸின் நினைவாக நிமோசிஸ்டிஸ் யிரோவெசி என்று பெயர்.

பூஞ்சைதானே, பூஞ்சை மருந்து கொடுத்தால் என்ன? கேட்காது. ஆம்ஃபோடெரிசின், ஃப்ளூகோனசோல் போன்றவை பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைக் குறிவைப்பவை. நிமோசிஸ்டிஸின் சவ்வில் அது கிடையாது. அதற்கு வேலை செய்வது கோ-ட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரை. செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் மருந்துக்கடையில் பார்த்திருப்பீர்கள்.

அதற்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: சல்ஃபமெத்தாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம். கிருமி வளர ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும், அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். தயாரிப்பின் ஒரு படியை முதல் மருந்து அடைக்கிறது, அதே பாதையில் இன்னும் தள்ளியுள்ள படியை இரண்டாவது அடைக்கிறது. நமக்கு ஃபோலேட் சாப்பாட்டிலிருந்து கிடைத்துவிடுவதால் பெரிதாகப் பாதிப்பதில்லை. இது நிமோசிஸ்டிஸை அடக்கும், வராமல் தடுக்கவும் செய்யும் என்பதை எய்ட்ஸ் வருவதற்கு முன்பே, 1970-களில், மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் காட்டிவிட்டார். அவருடைய நோயாளிகள் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள்.

அளவில்தான் சூட்சுமம். சிகிச்சைக்கு, ட்ரைமெத்தோப்ரிம் கணக்கில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், 21 நாள். நோய் மிதமாக இருக்கும் பெரியவருக்கு இது பெரிய மாத்திரையில் இரண்டிரண்டாக மூன்று வேளை, ஆக நாளுக்கு ஆறு என்று வரும். மூச்சு மோசமாக இருந்தால் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதும் இல்லை. இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாது. சளியையோ, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரையோ சாயமேற்றிப் பார்க்க வேண்டும், அல்லது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். மருந்து தொடங்கிப் பல நாள் ஆன பிறகும் கிருமி கண்ணுக்குத் தெரியும் என்பதால், முன்கூட்டியே தொடங்குவதில் நஷ்டமில்லை.

மருந்து தொடங்கியதும் கிருமிகள் கூட்டமாகச் சாகும். செத்த கிருமிகளின் துணுக்குகளுக்கு எதிராக நுரையீரலில் வீக்கம் கிளம்பும், மூன்றாம் நாள் நான்காம் நாள் மூச்சு இன்னும் மோசமாகும். 1980-களில் பலர் இந்தக் கட்டத்தில் இறந்தார்கள். தீர்வாக வந்தது ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தியே இல்லாதவருக்கு, அதை மேலும் அடக்கும் மருந்தா என்று யாருக்கும் தோன்றும், அன்றைய டாக்டர்களுக்கும் தோன்றியது. ஆய்வுகள் வேறு சொல்லின: மூச்சு மோசமாக இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு சேர்த்தபோது சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1990-இல் நிபுணர் குழு இதையே பரிந்துரைத்தது. தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 70-க்குக் கீழே இருந்தால், முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். பிரெட்னிசோன் 40 மில்லிகிராம் ஐந்து நாளைக்கு இரு வேளை, அடுத்த ஐந்து நாளைக்கு ஒரு வேளை, மீதி 11 நாளைக்கு 20 மில்லிகிராம். என்னைக் கேட்டால், இந்த நோயின் சிகிச்சையில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் புது மருந்து எதுவும் இல்லை, இந்த 72 மணி நேரக் கணக்குதான்.

இதைப் படித்துவிட்டு, மூச்சுவாங்கும் எல்லோருக்கும் ஸ்டீராய்டு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறைந்திருக்கும் காசநோயை அது கிளப்பிவிடும். யாருக்கு, எப்போது என்பதை ஆக்சிஜன் அளவைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோ-ட்ரைமாக்சசோலுக்குப் பக்கவிளைவும் அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் பலருக்கு இரண்டாவது வாரத்தில் உடம்பெங்கும் தடிப்பும் காய்ச்சலும் வரும். வெள்ளையணு குறையலாம், பொட்டாசியம் ஏறலாம். லேசான தடிப்பென்றால் சமாளித்துக்கொண்டு மருந்தைத் தொடர்வார்கள். வாய் புண்ணாகி, தோல் கொப்புளித்து உரிந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும், திரும்ப அந்தப் பக்கமே போகக் கூடாது. மாற்று மருந்துகள் உண்டு: கிளின்டமைசினோடு பிரைமாகுவின், அட்டோவகுவோன், பிறகு நம் பழைய பென்டமிடின். பிரைமாகுவினுக்கு முன் ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது கட்டாயம். குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

வராமல் தடுப்பது

சிகிச்சைக்கு நாளுக்கு ஆறு மாத்திரை என்றேன். தடுப்புக்கு நாளுக்கு ஒன்றே போதும். மயாமியில் நடந்து 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பு மாத்திரை தரப்பட்ட 30 பேரில், அதைச் சாப்பிட்டுவந்தவரை ஒருவருக்கும் நிமோசிஸ்டிஸ் வரவில்லை. சாப்பிடாத 30 பேரில் 16 பேருக்கு வந்தது.

இதற்கு ஓராண்டு முன்பே, 1987-இல், நியூயார்க்கின் மைக்கேல் கேலன் என்ற எய்ட்ஸ் நோயாளி, அமெரிக்க அரசின் ஆராய்ச்சித் தலைவர் ஆண்டனி ஃபௌச்சியை நேரில் சந்தித்து, இந்த மாத்திரையை எல்லா டாக்டர்களுக்கும் பரிந்துரைக்கச் சொல்லிக் கேட்டார். போதிய ஆய்வுத் தரவு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். வழிகாட்டு நெறி 1989-இல்தான் வந்தது. தரவு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் குழந்தைகளில் பத்தாண்டுக்கு முன்பே நிரூபணமான மலிவு மாத்திரைக்கு இரண்டு ஆண்டுத் தாமதம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த மாத்திரை, மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் பல பாக்டீரியாத் தொற்றுகளையும் சேர்த்தே தடுக்கிறது. அதனால் நம் நாட்டில் 200 வரை காத்திருக்காமல், சி.டி.4 எண்ணிக்கை 350-க்குக் கீழே இருந்தாலே தருகிறார்கள். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம்தான்.

நம் ஊரில் முதல் எதிரி காசநோய்

அமெரிக்காவின் கதை நிமோசிஸ்டிஸ் என்றால் இந்தியாவின் கதை காசநோய். 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் குழுவால். அப்புறம் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தது தாம்பரம் சானட்டோரியத்துக்கு. 1928-இல் காசநோய்க்கென்று தொடங்கப்பட்ட இடம் அது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. நெஞ்சக நோய் மருத்துவமனையே எய்ட்ஸ் மருத்துவமனையாகவும் ஆனது தற்செயல் இல்லை.

எச்.ஐ.வி. உள்ளவரின் காசநோய் வழக்கமான முகத்தோடு வருவதில்லை. நுரையீரலில் குழி விழுவது காசநோயின் அடையாளம் என்பார்கள். அந்தக் குழியை உண்டாக்குவதில் நம் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலுக்குத்தான் பெரும் பங்கு. அந்தச் சக்தியே இல்லையென்றால் குழியும் இல்லை, சளியில் கிருமியும் குறைவு. எக்ஸ்ரே சில சமயம் சுத்தமாகவே இருக்கும். அதனால் சளியை நுண்ணோக்கியில் மட்டும் பார்த்துவிட்டு டிபி இல்லை என்று அனுப்பக் கூடாது. சிபிநாட் போன்ற மரபணுப் பரிசோதனை வேண்டும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் அது அப்போதே சொல்லிவிடும்.

மருந்துகள் மற்றவர்களுக்குத் தருபவைதான்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால் நான்கும் இரண்டு மாதம், பைரசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும் நான்கு மாதம். ஐசோனியசிடால் கை கால் மரத்துப்போகாமலிருக்க பைரிடாக்ஸின் என்ற வைட்டமின் சேர்ப்பார்கள். முன்பு இவற்றை வாரம் மூன்று நாள் தந்தார்கள். சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தினமும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 91 பேருக்கு நல்ல பலன், வாரம் மூன்று நாள் சாப்பிட்டவர்களில் 77. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி புதிதாக உருவானதும் இரண்டாவது கூட்டத்தில்தான். இப்போது தினசரி முறையே நடைமுறை.

அடுத்து, மருந்துக்கும் மருந்துக்கும் நடக்கும் சண்டை. ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட கல்லீரல் மற்ற மருந்துகளை வேகவேகமாகக் கழித்துக் கட்டும். எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் இன்று முதன்மையான டோலுடெக்ராவிர் இதில் அடிபடும். அதனால் வழக்கமாக நாளுக்கு ஒரு முறை தரும் 50 மில்லிகிராமை, காசநோய் சிகிச்சை நடக்கும்போது 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை தருகிறார்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அப்படியே தொடர வேண்டும், கல்லீரல் பழைய நிலைக்கு வர அவ்வளவு நாளாகும். லோபினாவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுட்டின். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள் என்று ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர்கள் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

எது முதலில்?

காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒன்றாகத் தெரியவந்தால் முதலில் காசநோய் மருந்துதான். அது உடம்பில் பழகிய பின் கூட்டு மருந்து. எத்தனை நாள் கழித்து? கம்போடியாவில் 661 பேரிடம் இதை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் சி.டி.4 மிகக் குறைந்தவர்கள். காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேர் இறந்தார்கள், எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 பேர். இன்றைய விதி இரண்டு வாரத்துக்குள் என்பதே. நிமோசிஸ்டிஸ் நோயாளிக்கும் அதேதான். காசநோய் மூளையுறையைத் தாக்கியிருந்தால் மட்டும் நான்கு முதல் எட்டு வாரம் தள்ளிப்போடுவார்கள்.

சீக்கிரம் தொடங்குவதில் ஒரு சிக்கலும் உண்டு. கூட்டு மருந்தால் சி.டி.4 மீண்டு வரும்போது, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த கிருமிகளை உடம்பு திடீரென்று அடையாளம் கண்டு பாயும். குறைந்திருந்த காய்ச்சல் திரும்பும், கழுத்தில் நெறி கட்டும், எக்ஸ்ரே மோசமாகும். பார்க்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை, அல்லது மருந்தே கெடுத்துவிட்டது என்று தோன்றும். பலர் மாத்திரையைத் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் மருந்து வேலை செய்வதால் வரும் வினை இது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ புதிய தொற்றோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு சிகிச்சையையும் தொடர்வார்கள். கடுமையாக இருந்தால் சில வாரம் ஸ்டீராய்டு.

மற்ற தொற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண பாக்டீரியா நிமோனியாவுக்கு செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் மற்றவர்களுக்கு போலவே. லீவோஃப்ளாக்சசின் வகையை மட்டும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். காசநோயையும் அது அரைகுறையாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கிவிடும். ‘மேக்’ கூட்டத்துக்கு அசித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ எத்தாம்புட்டாலோடு சேர்த்து, ஓராண்டாவது. நுரையீரலோடு நிற்கும் லேசான கிரிப்டோகாக்கஸுக்கு ஃப்ளூகோனசோல் போதும். ஆனால் அதற்கு முன் முதுகுத்தண்டு நீரை எடுத்து மூளைக்குப் பரவவில்லை என்று பார்ப்பது அவசியம், பரவியிருந்தால் ஆம்ஃபோடெரிசினில்தான் தொடங்க வேண்டும். மணிப்பூர் பக்கத்திலிருந்து வந்தவருக்குக் காய்ச்சலும் முகத்தில் நடுவில் குழிந்த பருக்களும் இருந்தால் டலரோமைசிஸ் என்ற பூஞ்சையை நினைக்க வேண்டும். அங்கே அது பரவலாக இருக்கிறது.

கடைசியாக, ஏ.ஆர்.டி. மையத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி: தடுப்பு மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? கூட்டு மருந்து குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனையிலும் சி.டி.4 எண்ணிக்கை 350-க்கு மேல் இருந்தால் கோ-ட்ரைமாக்சசோலை நிறுத்தலாம், டாக்டர் சொன்ன பிறகு. எண்ணிக்கை மறுபடி இறங்கினால் மறுபடி தொடங்க வேண்டும். காசநோய்த் தடுப்புக்கு ஆறு மாத ஐசோனியசிட் தனியாக உண்டு. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை நான்கில் ஒன்றும் இல்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகே அதைத் தருவார்கள். ஒன்று இருந்தாலும் முதலில் காசநோய்ப் பரிசோதனை. உள்ளே நோய் முற்றியிருக்கும்போது ஐசோனியசிடை மட்டும் தனியாகக் கொடுத்தால், அந்தக் கிருமி அதற்குக் கட்டுப்படாமல் போய்விடும்.